புரட்டாசியில் வந்த விருந்தாளி

கம்பெனி பஸ்ஸின் ஹாரனை வைத்து மணி சொல்லப் பழகிய என் வயசுக்காரர்களே, உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கிய காலத்தில் நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதுவரை வரப்பில் நின்ற நம் அப்பாக்கள் திடீரென்று யூனிஃபார்ம் மாட்டி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். அவர்களை நாம் பெரும்பாலும் தூங்கும் கோலத்தில்தான் பார்த்திருக்கிறோம். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலெல்லாம் படுத்திருப்பார். அம்மாக்கள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே சமைப்பார்கள். கையிலிருந்து டம்ளர் நழுவினால், அது தரையைத் தொடுவதற்குள் நம் முதுகில் ஒன்று விழுந்துவிடும்.

இப்போது நமக்கும் நரை தட்டிவிட்டது. சாயம் பூசுகிறவர்கள் பூசுகிறோம், மற்றவர்கள் வீம்புக்கு விட்டுவிட்டோம். போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, "உங்கப்பா கல்லு வளர்த்தாரே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பியிருந்தாள். ஞாபகம் இல்லாமலா? அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் என் அப்பாவின் முகத்தையே முழுசாகப் பார்த்தேன். அதுவரை முதுகுதான் பழக்கம்.

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில். அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் போன இடத்தில் புருஷன் தவறியதும் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் இருந்தால் வீட்டில் பெருமாளும் இருக்கிறார் என்று அர்த்தம். புரட்டாசி பிறந்துவிட்டால் கருவாட்டுச் சட்டியைக்கூடக் கழுவிக் கோணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவாள்.

அப்பாவுக்குக் கம்பெனியில் சில்லர் ரூம் வேலை. மிஷின்கள் சூடாகாமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீரைக் கம்பெனி முழுக்கச் சுற்றவிடும் அறை அது. அங்கே பம்புகள் இரண்டிரண்டாக இருக்குமாம். ஒன்று ஓடும், இன்னொன்று சும்மா நிற்கும். ஓடுவது மக்கர் செய்தால் நிற்பது அடுத்த நிமிஷம் ஓட வேண்டும். அதற்கு ஸ்டேண்ட்பை என்று பெயர். அப்பா அதிகம் பேசாதவர். ஆனால் இந்த ஸ்டேண்ட்பை பற்றி மட்டும் சாப்பிடும்போதுகூடப் பேசுவார். "ஸ்டேண்ட்பை இல்லாத ரூமு ரூமே இல்ல" என்பார். அத்தை, "சரிடா, சோத்தைத் துன்னு" என்பாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு கொரியா சார் இருந்தார். அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் ஏசி கெட்டுப்போனால் அப்பாதான் போய்ப் பார்ப்பார். ஹாலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், ஓட்டை ஓட்டையாகப் பாறைகள், பாறையில் ஒட்டிக்கொண்டு ஆடும் பவளப்பூச்சிகள், நடுவே கலர் கலராக மீன்கள். அப்பா ஏசியைச் சரிசெய்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அதன் முன்னால் நின்றுவிடுவாராம். கொரியா சாரும் பக்கத்தில் வந்து நிற்பாராம். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவர் மீன்களை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, தொட்டியையும் பாறைகளையும் பம்பையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கூடவே தண்ணீரைச் சோதிக்கிற ஒரு சின்னப் பெட்டி.

தொட்டி மினி லாரியில் வந்து இறங்கியதும் தெருவே கூடியது. பெரிய டிவி என்று நினைத்துவிட்டார்கள். அப்பா அதை ஹாலின் ஒரே ஜன்னலுக்குக் கீழே வைத்தார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற பெருமை. அந்த இடத்தின்மேல் அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரு கண் இருந்தது. ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஒரு தையல் மிஷின் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் போட வேண்டும் என்பது அவள் கணக்கு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் செருகலுக்கு என்ன அர்த்தம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை.

கடல் தண்ணீருக்காகக் கோவளம் போனோம். அப்பாவின் மொபட்டில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன்கள், நடுவில் நான். ஒரகடம் தாண்டி, வண்டலூர் தாண்டி, போய்க்கொண்டே இருந்தோம். கடலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அப்பா கேனை அமுக்கியபோது, குமிழி விட்டுக்கொண்டு அது நிறைகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வரும்போது மூடி ஒழுகி, என் பாவாடை நனைந்து, வெயிலில் காய்ந்து, உப்புப் பூத்து, வீட்டுக்கு வந்தபோது அட்டை மாதிரி நின்றது. வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். இன்னும் சில வார்த்தைகள் நினைவிருக்கின்றன. மற்றவை காற்றில் போய்விட்டன.

தண்ணீர் ஊற்றி, பாறை அடுக்கி, பம்பு ஓடத் தொடங்கியது. உர்ரென்று ஒரு மெல்லிய சத்தம், ராப்பகலாக. வெயிலுக்குத் தண்ணீர் சூடாகக் கூடாது என்று ஒரு மேஜை விசிறியையும் தண்ணீர் மேல் அடிக்கிற மாதிரி வைத்தார் அப்பா. எல்லாம் இருந்தது. மீன்தான் இல்லை. ஊர் ஜனம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மீனு எங்கப்பா?" என்று கேட்கும்.

"இன்னும் லைன் செட்டாவலண்ணா. தண்ணி பக்குவமாவணும். அப்புறந்தான் ஃபர்ஸ்ட் பீஸ் உடணும். ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே ஆச்சின்னாதான் புரொடக்‌ஷன்."

கம்பெனியில் அப்படித்தானாம். மிஷினை மாற்றி அமைத்தால் முதலில் ஒரே ஒரு சாமானைச் செய்து பார்த்து, அது சரியென்று ஆனபிறகுதான் மற்றதெல்லாம். இந்த நியாயம் ஊருக்குப் புரியவில்லை. வாரக்கணக்கில் வெறும் பாறையைப் பார்த்து அலுத்துப்போய் அப்பாவுக்குக் 'கல்லு வளக்கறவரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னிடம், "உங்க வூட்டுக் கல்லு குட்டி போட்டுச்சா?" என்று கேட்டவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். நன்றாக இருங்கள்.

ஆனால் எனக்கு அந்த மீனில்லாத நாட்கள்தான் பிடித்திருந்தன. எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் அப்பா வந்ததும் படுக்கமாட்டார். நேராகத் தொட்டிக்கு வருவார். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனைப் பெட்டியிலிருந்து சொட்டு விட்டு ஆட்டுவார். நிறம் மாறும். பச்சையாக இருந்தால் தண்ணீரில் விஷம் இன்னும் இருக்கிறது. பாறையில் செத்துப்போன பூச்சிகள் அழுகுவதால் வருகிற விஷம். மஞ்சளானால் மீன் விடலாம். குழாயை என்னிடம் நீட்டி, கூடவே நிற அட்டையையும் கொடுத்து, "கலர் சொல்லு பாப்பா, எனக்கு சரியா தெரியல" என்பார். நான் பெரிய டாக்டர் மாதிரி ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்வேன். பாவம், அப்பாவுக்குக் கண் கோளாறு என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சில்லர் ரூமில் டஜன் கணக்கில் ஒயர்களை நிறம் பார்த்து மாட்டுகிற மனுஷனுக்குப் பச்சையும் மஞ்சளுமா தெரியாது? நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார். அந்த அட்டை எங்கே தொலைந்ததோ தெரியவில்லை. இன்று கையில் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

ஒருநாள் குழாய் மஞ்சளாகவே நின்றது. மறுநாளும் மஞ்சள். அப்பா துள்ளிக் குதிக்காத குறை. அன்று சாப்பாட்டின்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"லவ் பேர்ட்ஸ் வாங்கினீங்க, செத்துச்சு. வான்கோழி வாங்கினீங்க, செத்துச்சு. காளான் போட்டீங்க, அது மொளைக்கவே இல்ல. எனக்குச் செத்ததை எல்லாம் வாரிப்போட்டு அலுத்துடுச்சுங்க. இந்த மீனு பொழச்சிதுன்னா தொட்டி இங்கியே இருக்கட்டும், நான் கேக்கமாட்டேன். செத்துச்சின்னா தொட்டிய எடுத்துடணும். ஜன்னலாண்ட என் மிஷினு வரணும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி" என்றார்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மீன் செத்தால் தொட்டி போகும். தொட்டி போனால் அப்பா மறுபடியும் வந்ததும் படுத்துவிடுவார். நிறம் சொல்ல என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவை நான் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். மீன் சாக வேண்டும் என்று இவள் காத்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். குழந்தைகள் எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறார்கள், பாருங்கள்.

அப்பா வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் மீன் வாங்கி வந்தார். பூந்தமல்லியில் பஸ் மாறி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். காற்று அடைத்த பிளாஸ்டிக் பையில், என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு மீன். உடம்பெல்லாம் அடர் நீலம், வால் மட்டும் மஞ்சள். அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்தது.

அத்தை வாசலிலேயே மறித்துவிட்டாள். "டேய், இன்னா மாசம்னு தெரியுமா? புரட்டாசிடா! பெருமாள் மாசத்துல அத வூட்டுக்குள்ள எடுத்தாறியே!"

"அக்கா, துன்னவா எடுத்தாறேன்? பெருமாளே மொதல்ல மீனாதானே வந்தாரு?"

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தாள். அது ஹாலோடு நிற்க வேண்டும், சமையல்கட்டுப் பக்கம் அதன் தண்ணீர்கூட வரக்கூடாது, மாசம் முடிகிற வரை வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. "விருந்தாளின்னு சொல்லுங்க" என்றாள். அப்படியே அதற்குப் பெயராகிவிட்டது.

பையைப் பிரித்து அப்படியே கொட்டிவிடக் கூடாதாம். கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார் அப்பா. பிறகு மீனை ஒரு வாளிக்கு மாற்றி, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை அந்த வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். புதுத் தண்ணீர் அதற்குப் பழக வேண்டும். இதை ஜன்னல் வழியாக யாரோ பார்த்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பிள்ளைப்பாக்கம் முழுக்க, கல்லு வளக்கறவரு வீட்டில் மீனுக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. நலம் விசாரிக்கவே நாலு பேர் வந்தார்கள்.

அப்பா விளக்கை அணைத்துவிட்டு, சின்ன வலையில் விருந்தாளியை எடுத்துத் தொட்டியில் விட்டார். அது ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சர்ரென்று பாறைப் பொந்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து, "மறுபடியும் கல்லுதானே தெரியுது" என்று முணுமுணுத்தபடி கலைந்து போனார்கள். அடுத்த நாளும் அது வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாள் வால் மட்டும் தெரிந்தது. அப்பா வேலைக்குப் போகும்போது என்னிடம், வரும்போதும் என்னிடம், "பார்த்தியா?" என்று கேட்பார். "வால் பார்த்தேன்பா" என்பேன். அவருக்கு அதுவே போதும்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கம்பெனியே நின்றுவிடும். பிரம்மாண்டமான மிஷின்கள் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை மாதிரி சும்மா நிற்கும். பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி எழுப்புகிறவரை எந்த மிஷினையும் ஓட்டக்கூடாது. அத்தைக்கு இது வெறும் வழக்கம் இல்லை. அப்பாவின் இடது கை மோதிர விரலுக்கு நுனி கிடையாது. அவர் இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால், எங்கோ ஒரு சின்னப் பட்டறையில், ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்த மிஷினை அவசரத்துக்கு ஓட்டி விட்டுவந்த நுனி அது. "பெல்ட்டுல கை குடுத்தது என் அவசரம்க்கா" என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அத்தை கேட்கமாட்டாள். ரத்தம் சொட்டும் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தது அவள்தான். அப்போது அவளை மூடநம்பிக்கைக்காரி என்று நினைத்தேன். அது பயம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்பா காலையிலேயே கம்பெனிப் பூஜைக்குப் போய்விட்டார். அத்தை குளித்து, ஈரப் புடவையோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க வலம் வந்தாள். மிக்ஸிக்குப் பொட்டு வைத்தாள், ஸ்விட்சை அணைத்தாள். கிரைண்டர், டிவி, ஃபேன் என்று ஒவ்வொன்றுக்கும் அதே மரியாதை. லைட்டுக்கு மட்டும் விதிவிலக்கு, சாமிக்கு வெளிச்சம் வேண்டுமே. அப்படியே தொட்டிக்கும் வந்தாள். கண்ணாடியில் மூன்று பட்டைச் சந்தனம், பம்புக்கு ஒரு பொட்டு, மேஜை விசிறிக்கு ஒரு பொட்டு. புதுத் துண்டு ஒன்றை வஸ்திரமாகத் தொட்டியின் மேலே விரித்து, அதன் மேல் சாமந்தி மாலை போட்டு, இரண்டு ஸ்விட்சையும் அணைத்தாள். "பாவம், ராப்பகலா ஓடுது. இன்னிக்காவது ஓய்வா கெடக்கட்டும்" என்றாள். உண்மையான கரிசனம்தான். நாங்களும் அதில் தவறு எதையும் பார்க்கவில்லை. அம்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். சாம்பிராணிப் புகை ஹாலை நிரப்பியது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏ, வாங்கடி! விருந்தாளி வெளிய வந்துடுச்சு! பூஜைக்கு வந்துகீது பாரு!"

ஓடினேன். வாஸ்தவம்தான். இத்தனை நாள் வால் மட்டும் காட்டிய மீன், முழு நீலமும் மின்ன, தண்ணீரின் மேல்மட்டத்தில் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்து திறந்து மூடியது. "கோவிந்தான்னு சொல்லுது!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். அதை முழுசாகப் பார்த்ததில் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அம்மா கரண்டியும் கையுமாக வந்து எங்கள் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணி, அது சாமி கும்பிட வரல" என்றாள். "மூச்சு உடறதுக்கு வந்துகீது. அது செவுளைப் பாருங்க, எப்படி அடிச்சிக்குது. தண்ணி ஓடலன்னா அதுக்குக் காத்து கெடைக்காது. அவரு சொல்லிக்கினே இருப்பாரே."

அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் சமையல்கட்டிலிருந்து இவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது.

அம்மா துண்டையும் மாலையையும் எடுத்துப் போட்டுவிட்டு, நேராக ஸ்விட்சுக்குக் கை நீட்டினாள். அத்தை குறுக்கே வந்து விழுந்தாள். "வேணாம்மா! உனக்குப் புண்ணியமாப் போவுது! பொட்டு வச்சிட்டேன். எழுப்பாம ஓட்டாத. அவன் கை மிஷினுல நிக்கிற கைம்மா! இன்னொரு வெரலு போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று ஸ்விட்சை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

அம்மா அத்தையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், ஸ்விட்சைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றாலே போதும். சாயங்காலத்துக்குள் மீன் செத்துவிடும், ஜன்னல் அவளுக்கு வந்துவிடும். பழியும் அத்தை மேல் போய்விடும்.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். உள்ளே போய்ச் சொம்பு ஒன்றைக் கொண்டுவந்து, சோப்பு வாசனை இல்லாமல் நாலு தடவை அலசினாள். தொட்டியில் ஒரு சொம்பு மொண்டாள். கையை உயரத் தூக்கி, தாரையாக மறுபடியும் தொட்டியிலேயே ஊற்றினாள். குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு கீழே போயின. இன்னொரு சொம்பு. இன்னொன்று.

"மிஷினுக்குத்தானே அண்ணி லீவு?" என்றாள் திரும்பாமலே. "கைக்கு இல்லியே. பாப்பா, நீ அந்த விசிறிய எடுத்தாந்து தண்ணி மேல வீசு."

நான் பனையோலை விசிறியைக் கொண்டுவந்து வீசினேன். அம்மா மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். கை கடுத்தால் மறு கைக்கு மாற்றுவாள். முழங்கை வரை உப்புத் தண்ணீர் வழிந்து, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. விருந்தாளி தண்ணீர் விழும் இடத்துக்கே வந்து நின்றுகொண்டது. அத்தை சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "குடு இங்க. கை செத்துப் பூடும்" என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு அது அபிஷேகமாகத்தான் வந்தது. "கோவிந்தா" என்று ஒரு சொம்பு, "கோவிந்தா" என்று ஒரு சொம்பு. புரட்டாசி மாசத்தில் ஒரு மீனுக்கு அபிஷேகம் செய்த ஒரே பெண்மணி என் அத்தையாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா பொழுது சாயும்போது வந்தார். கையில் கம்பெனியில் கொடுத்த பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பெட்டியும். வாசலில் நின்றபடியே எங்களைப் பார்த்தார். அத்தை விசிறியோடு, நான் அவள் காலடியில் அரைத் தூக்கத்தில், அம்மா மறுபடியும் சொம்போடு. பம்பு ஓடவில்லை என்பது அவருக்கு வாசலிலேயே தெரிந்திருக்கும். சத்தத்தை வைத்தே மிஷினைச் சொல்கிறவர் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குனிந்து மீனைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவின் கையைப் பார்த்தார். விரல்களெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

அவர் ஸ்விட்சைத் தொடவில்லை. அம்மாவிடம் சொம்புக்குக் கை நீட்டினார். அந்த விரல், நுனியில்லாத அந்த விரல், அத்தையின் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"நில்லுடா" என்றாள் அத்தை. விறுவிறுவென்று போய்ச் சூடத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துவந்தாள். மறுநாள் காலையில் செய்ய வேண்டியதை அப்போதே செய்தாள். தொட்டிக்குச் சூடம் காட்டினாள், பழத்தைக் காலால் நசுக்கினாள், பம்பின் பொட்டைத் தன் முந்தானையால் துடைத்தாள். அப்பா ஸ்விட்ச் பக்கம் நகர்ந்தார். அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தொடாத. உம் பொண்டாட்டியும் தொட வேணாம். பெருமாளே, ஏதாச்சும் ஆவறதுன்னா எனக்கு ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் கையாலேயே ஸ்விட்சைப் போட்டாள்.

உர்ரென்று பம்பு எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்து அமுக்கிவிட்டார். என் முன்னால், அத்தை முன்னால். அதற்கு முன்னால் அவர்கள் தொட்டுக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

விருந்தாளி பிழைத்தது. பேச்சுப்படி ஜன்னல் அப்பாவுக்குத்தான். ஆனால் அடுத்த லீவு நாளில் அவரே தொட்டியைக் காலி செய்து, உள் சுவரோரம் நகர்த்தினார். ஜன்னல் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும், இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது என்றார். தெரிந்துதான் இருந்திருக்கும். ஜன்னலடியில் அம்மாவின் தையல் மிஷின் வந்தது. அதன் கடகடவும் பம்பின் உர்ரும் சேர்ந்து ஹாலில் எந்நேரமும் ஒரே கூச்சல். அதற்குள்ளேயே தூங்க அப்பா பழகிக்கொண்டார். தூங்காத நேரத்தில் நிறம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு அத்தை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள், எல்லாவற்றையும் அணைத்தாள். பம்பை மட்டும் அண்டவில்லை. கூடத்தில் மணைப் பலகை போட்டு, அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் கத்தரிக்கோல், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். வரிசையின் கடைசியில், சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு, கழுத்தில் ஒரு முழம் சாமந்தியோடு அந்தச் சொம்பு.

அப்பா குனிந்து பார்த்தார். "ஏன்க்கா, சொம்பு இன்னாத்துக்கு இங்க?"

"இன்னாடா இப்படிக் கேக்கற?" என்றாள் அத்தை, சூடத்தை ஏற்றிக்கொண்டே. "அதாண்டா ஸ்டேண்ட்பை."

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பொரித் தட்டு நழுவித் தரையில் விழுந்து உருண்டது. யாரும் உதட்டில் விரல் வைக்கவில்லை. அப்பா விழித்துக்கொண்டுதானே இருந்தார்.